எல்லாப் போலியும் ஒன்றல்ல: அலுவலகத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்ஸியா உள்ள பெரியவர்கள் அலுவலகத்தில் படும் பாடு பெரும்பாலும் வேலையால் வருவதில்லை. கோடு எழுத வரும், கணக்கு டேலி ஆகும், டெஸ்டிங்கில் மற்றவர் கண்ணில் படாத ஓட்டை நம் கண்ணில் படும். நாம் சிக்குவதெல்லாம் வேலையைச் சுற்றி நடக்கும் பேச்சில்தான். ஆள் குறைப்பு வரப்போவது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரையும் கூட்டிப் பேசும் டவுன் ஹாலில் “இது நமக்கு எக்ஸைட்டிங்கான காலம்” என்பார்கள்; எல்லாரும் கை தட்டுவார்கள். “என் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்” என்ற மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னால், அடுத்த அப்ரைசலில் “டீம் பிளேயர் இல்லை” என்று எழுதியிருக்கும். சொல்லும் செயலும் பொருந்தாத இடம் நமக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மற்றவர்கள் கண்டும் காணாமல் தாண்டிப் போகிறார்கள். நம்மால் அது முடிவதில்லை.

ஏன் இப்படி என்பதே நம்மில் பலருக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவருகிறது. எனக்கும் அப்படித்தான். “நல்லா படிக்கிற பிள்ளைக்கு என்ன குறை?” என்று பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டார்கள். மருத்துவ உலகமும் தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் திருத்தப்படும் வரை, ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே ஆளுக்கு இருப்பதாகச் சான்று எழுத அதன் விதிகள் இடம் தரவில்லை.

தவறு முழுக்க நம் பக்கம்தான் என்று நினைக்க வேண்டாம். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 2012-இல் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரிவதில்லை என்பது பாதிக் கதைதான், மற்றவருக்கும் இவரைப் புரிவதில்லை என்பது அதன் சாரம். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல என்று வரிசையாகக் கடத்திப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தங்கியது. கலந்து உட்கார்ந்த வரிசையில்தான் அதிகம் சிதறியது. ஆக, இடறுவது இரு பக்கமும்தான். ஆனால் சம்பளம் கொடுப்பவர்கள் எதிர்ப்பக்கம் இருப்பதால், சமாளிக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது. அந்தப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும் வழிகள் சிலவற்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த உலகம் சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. அலுவலகங்கள், எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வருகின்றன.

செய்ய வேண்டியவை

போலியை மூன்றாகப் பிரியுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வகை மரியாதை. “சாப்டாச்சா?” என்று கேட்பவருக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்ற விவரம் தேவையில்லை. கையில் பையோடு போகிறவரை நிறுத்தி “என்ன, கடைக்கா?” என்று கேட்கிற ஊர் நம்முடையது. வேலையை விட்டுப் போகிறவர்கூட “போயிட்டு வர்றேன்” என்றுதான் விடைபெறுவார். இதில் பொய் எதுவும் இல்லை. உன்னைப் பார்த்தேன், உன்னோடு எனக்குப் பகை இல்லை என்பதுதான் செய்தி. மெயிலின் முதல் வரியில் வரும் நலம் விசாரிப்பும், லிஃப்டில் “என்ன வெயில் சார்!” என்பதும் இதே வகைதான். பதிலுக்கு ஒரு வரி சொன்னால் போதும்.

இரண்டாம் வகை சடங்கு. டவுன் ஹால், ஃபன் ஃப்ரைடே, ஆயுத பூஜைக்கு இருக்கை அலங்காரப் போட்டி, பொங்கலுக்கு எத்னிக் டே, சுவரில் ஒட்டிய நேர்மை போஸ்டர். அங்கே சொல்லப்படுவதைத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் அதை நம்ப வேண்டும் என்றுகூடப் பல சமயம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வந்து நின்றால் போதும்.

மூன்றாம் வகை ஏமாற்று. பெயர் தெரியாது என்று உறுதி சொல்லி நிரப்ப வைத்த சர்வேயின் பதிலை மீட்டிங்கில் எடுத்து வைத்து “இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்” என்பது. ரேட்டிங்கை முன்பே முடித்துவிட்டு செல்ஃப் அப்ரைசல் எழுதச் சொல்வது. நீங்கள் செய்த வேலையைத் தன் பெயரில் கிளையண்டுக்கு அனுப்புவது. “அடுத்த சைக்கிள்ல புரமோஷன் உறுதி” என்று வாயால் மட்டும் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் ஓட்டுவது.

மரியாதையைத் திருப்பிச் செலுத்துங்கள். சடங்கில் தலையைக் காட்டுங்கள். ஏமாற்றைப் பதிவு செய்யுங்கள். இந்த மூன்றையும் ஒரே பொய்யாகப் பார்ப்பதில்தான் நம்மில் பலருடைய தெம்பு வற்றிப்போகிறது. மரியாதைக்கு எரிச்சல்பட்டு, சடங்கோடு வாதாடி, நிஜமான ஏமாற்று நடக்கும் நாளில் எதிர்த்துக் கேட்கத் திராணி இல்லாமல் நிற்கிறோம். எந்த வகை என்று தெரியாவிட்டால், “இதனால் என் சம்பளமோ, பெயரோ, வேலையோ மாறுமா?” என்று உங்களையே கேளுங்கள். மாறும் என்றால் அது மூன்றாம் வகை.

பேசியதை எழுத்தில் கொண்டுவாருங்கள். ஒன்-ஆன்-ஒன் முடிந்ததும் அன்றைக்கே ஒரு மெயில்: “இன்று பேசியதில் எனக்குப் புரிந்தவை இவை. ரிப்போர்ட் புதன்கிழமைக்குள். டேஷ்போர்டு அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குப் போகிறது. ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.” இவ்வளவுதான். குற்றம் சாட்டும் தொனி துளியும் வேண்டாம். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு, காதில் விழுந்த நாலு வேலையில் இரண்டு மறந்துபோகும் தொல்லை இதனால் தீரும். ஆட்டிசம் உள்ளவருக்குச் சொல்லாமல் விட்ட எதிர்பார்ப்புகள் வெளியே வரும். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று யாராவது பிறகு சொன்னால் கையில் தேதியோடு ஆதாரம் இருக்கும். மேனேஜர் ஏன் என்று கேட்டால், “எழுத்துல இருந்தாத்தான் எனக்கு வேலை ஓடும்” என்று சொல்லுங்கள். அது முழு உண்மை.

அதோடு, மாதம் ஒருமுறை நீங்கள் செய்து முடித்தவற்றைத் தேதியோடு குறித்து வையுங்கள். அப்ரைசல் நேரத்தில் பேச்சுச் சாமர்த்தியம் உள்ளவர் எல்லாவற்றையும் நினைவிலிருந்தே விற்றுவிடுவார்; நமக்குக் குறிப்பு வேண்டும்.

யோசனையா, உத்தரவா என்று கேளுங்கள். “டைம் இருந்தா இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று மேலதிகாரி சொன்னால் அது பெரும்பாலும் உத்தரவுதான். நேரம் இல்லை, அதனால் பார்க்கவில்லை என்று நாம் நிம்மதியாக இருப்போம். அவர் இரண்டு நாள் கழித்துக் கோபப்படுவார். “இப்ப கையில இருக்கிறதை நிறுத்திட்டு இதைப் பார்க்கட்டுமா, இல்ல அது முடிஞ்ச பிறகா?” என்று கேட்டால் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

நம்பகமான ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நட்பு தேவையில்லை. டீக்கடைக்குச் சேர்ந்து போகும்போது “இன்னிக்கு அவர் அப்படிச் சொன்னாரே, என்ன அர்த்தம்?” என்று கேட்டால் கேலி செய்யாமல் பதில் சொல்கிற ஆள் போதும். ஒருவரே போதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாலு பேரிடம் கேட்டால் அது வம்பாகிவிடும்.

நடித்த பிறகு ஓய்வுக்கு நேரம் ஒதுக்குங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983-இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் கூலிக்குச் செய்யும் உழைப்புதான் என்று காட்டினார். மனதில் இல்லாத உணர்ச்சியை முகத்தில் வைத்திருப்பதால் ஆள் களைத்துப்போவார் என்பது அதிலிருந்து வந்த தெளிவு. நமக்கு அந்த உழைப்பு இரட்டிப்பு. லண்டனில் லாரா ஹல் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் இயல்பை மறைத்துப் பழகிய பிறகு எவ்வளவு சோர்ந்துபோகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே பதிவாகியிருக்கிறது. கண்ணைப் பார்க்க வேண்டும், எப்போது சிரிப்பது என்று கவனிக்க வேண்டும், காலை ஆட்டக் கூடாது, நடுவே மீட்டிங்கில் பேசுவதும் காதில் விழ வேண்டும்.

ஆகவே டவுன் ஹால் முடிந்த பிறகு அரை மணி நேரத்துக்குக் காலண்டரில் எதுவும் வைக்காதீர்கள். டீம் லஞ்ச் இருக்கும் நாளில் கஷ்டமான கிளையண்ட் அழைப்பை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். சிறுசேரியிலிருந்து தாம்பரம் போகிற கேபில் அரட்டை தாங்கவில்லை என்றால் ஹெட்ஃபோனைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். தூங்குகிறவரை யாரும் திமிர் பிடித்தவர் என்று சொல்வதில்லை. வீட்டுக்குப் போனதும் பேச முடியவில்லை என்றால் “அரை மணி நேரம் குடுங்க, அப்புறம் வர்றேன்” என்று அம்மாவிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தங்கள் மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேண்டிய வசதியைக் கேட்டு வாங்குங்கள். டயக்னோசிஸின் பெயரைச் சொல்லாமலே கேட்கக்கூடியவை நிறைய: பேன்ட்ரிக்குப் பக்கத்தில் இல்லாத இருக்கை, மீட்டிங்குக்கு முன்பே அஜெண்டா, கேமரா இல்லாத அழைப்பு, எழுத்தில் ஃபீட்பேக். “எனக்கு இது இருந்தா வேலை வேகமா முடியும்” என்ற வரியோடு கேளுங்கள்.

அதற்கு மேல் வேண்டும் என்றால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் உண்டு. ஏ.டி.எச்.டி. அதில் தனியாக இல்லை. அது பெரிய குறை, திருத்தப்பட வேண்டும். தகுந்த வசதிகளை அரசு அலுவலகங்கள் செய்துதர வேண்டும் என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. தனியாரும் சேர்த்து எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், அதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிப்பதும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டு விதிகள். ஹெச்.ஆரிடம் முதலில் அந்தக் கொள்கையின் பிரதியைக் கேளுங்கள். கேட்கிற மாத்திரத்திலேயே பேச்சின் தொனி மாறும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் வராவிட்டால் எதுவும் கிடையாது என்று சொல்வார்கள். இட ஒதுக்கீட்டுக்கு அந்த அளவு தேவைதான். ஆனால் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், தகுந்த வசதி பெறுவதற்கு 40 சதவீதம் என்பதை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது தேர்வில் விடை எழுதித் தர உதவியாளர் வைத்துக்கொள்வது பற்றிய வழக்கு. ஆனாலும் அதன் தர்க்கம் நமக்கு உதவும்.

செய்யக்கூடாதவை

டவுன் ஹாலில் உண்மையைச் சொல்லி அவையைத் திருத்தப் பார்க்காதீர்கள். “கேள்விகள் இருக்கா?” என்று மைக்கை நீட்டும்போது நமக்குக் கை தன்னால் உயரும். கேட்டார்களே, அதனால் சொல்கிறோம். ஆனால் அது சடங்கின் பகுதி. நூறு பேர் முன்னால் “போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க” என்றால், மேடையில் இருப்பவருக்குத் தன் மானத்தைக் காப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. அதே கேள்வியைத் தனியாக, எண்களோடு கேளுங்கள்: “போன வருஷம் இந்த டார்கெட், இவ்வளவுதான் வந்தது. இந்தத் தடவை எதை மாத்தப் போறோம்?” உண்மையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அது பலன் தரும் அறைக்கு எடுத்துப் போங்கள் என்கிறேன்.

பாலியல் தொல்லை, சம்பளப் பிடித்தம், பொய்க் கணக்கு போன்றவற்றுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அங்கே எழுதியே கொடுங்கள்.

“நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்பதை நம்பி எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். டீம் அவுட்டிங்கில் வட்டமாக உட்கார வைத்து “உங்களைப் பத்தி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்லுங்க” என்பார்கள். அங்கே சொல்வதற்கென்று ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்: சின்ன வயதில் தபால்தலை சேர்த்தது, வாழைக்காய் பஜ்ஜி நன்றாகப் போட வருவது.

ஊரைக் கேட்டால் தெருவரை சொல்லாதீர்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் சொல்கிறேன். “சொந்த ஊர் எது?” பெரும்பாலும் வெறும் விசாரிப்பு. அதற்கு மேல் “அதுல எந்தத் தெரு?”, “அப்பா முழுப் பேரு என்ன?”, “குலதெய்வம் எது?” என்று போனால் அங்கே தேடப்படுவது பல நேரம் உங்கள் சாதி. கேட்ட கேள்விக்கு முழு விவரமும் சொல்லிப் பழகிய நமக்கு இது கண்ணில் படாது. “ரொம்ப நாளா சென்னைதான் சார்” என்று சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்புங்கள்.

மற்றவர்கள் எல்லாரும் போலி என்று முடிவுகட்டாதீர்கள். மேனேஜரின் பழைய ஜோக்குக்குச் சிரிக்கிறவருக்கு இருபது வருட வீட்டுக் கடன் இருக்கலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, தமிழ் வழியில் படித்து வந்தவர், இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் “ஷ்யூர், ஷ்யூர்” என்கிறார். சிரிக்காத பெண்ணுக்குத் திமிர் என்று பெயர் வைக்கிற இடத்தில் பெண்கள் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மூளை வேறு விதமாக இயங்குகிற நாம் மட்டும் நடிக்கிறோம் என்பது சரியில்லை. இவர்களில் யாராவது நமக்குத் துணையாகக்கூட வரலாம். முதலிலேயே விலக்கி வைத்துவிட்டால் அது தெரியாமலே போகும்.

டயக்னோசிஸை முதல்முறையாக அப்ரைசல் அறையில் சொல்லாதீர்கள். ரேட்டிங் குறைந்துவிட்ட ஆத்திரத்தில், கண் கலங்கியபடி, “எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு தெரியுமா?” என்றால் அது சாக்காகத்தான் கேட்கும். சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தால் வேலை நன்றாகப் போகும் மாதத்தில் சொல்லுங்கள். யாரிடம், எதற்காக, என்ன வேண்டும் என்ற மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். சொல்லாமலே இருப்பதும் உங்கள் உரிமை. ஹெச்.ஆர். நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது நிறுவனம் என்பதை மறக்க வேண்டாம்.

முகமூடியை வீடுவரை கொண்டுபோகாதீர்கள். 2018-இல் சாரா கேசிடி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களை மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இது விளையாட்டான விஷயம் இல்லை. ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைகிறது, பிடித்த வேலையும் பிடிக்காமல் போகிறது, முன்பு எளிதாகச் செய்த குளியல், சமையல்கூட மலைப்பாகிறது என்றால் உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416; எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மதிப்பீடு செய்துகொள்ளாதவர்கள் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

கோபம் வந்த அன்றைக்கே ராஜினாமா அனுப்பாதீர்கள். எழுதுங்கள், டிராஃப்டில் வையுங்கள், இரண்டு இரவு தூங்கி எழுந்து பாருங்கள். பல கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் போனால் அடுத்த இடத்தில் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டும். கையில் சில மாதச் செலவுக்குப் பணமும் அடுத்த வேலைக்கான ஆஃபரும் வந்த பிறகு போவதில் எந்தக் கோழைத்தனமும் இல்லை. எக்ஸிட் இன்டர்வியூவில் ஐந்து வருட உண்மையையும் கொட்டித் தீர்க்க வேண்டாம். இரண்டு விஷயம், அதுவும் திருத்தக்கூடியவை, போதும்.

அடுத்த இடத்து இன்டர்வியூவில் “உங்க கல்ச்சர் எப்படி?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும். “கடைசியா ஒரு ரிலீஸ் சொதப்பினப்ப என்ன செஞ்சீங்க?”, “ரேட்டிங்கை யார், எந்த மாசம் முடிவு பண்றாங்க?”, “போன வருஷம் டீம்ல இருந்து எத்தனை பேர் போனாங்க?” என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறார்களா, “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு வேறு எங்கோ போகிறார்களா என்று கவனியுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு “ஆமா, நாலு பேர் போயிட்டாங்க, காரணம் இதுதான்” என்று சொல்கிற மேனேஜர் கிடைத்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த இடத்தைப் பற்றி யோசியுங்கள்.